மண்ணைத் திருத்துமுன் மானியைத் திருத்துக

கொழுந்து நிறுக்கும் தராசின் முள் பிசகினால் எவருடைய கூலி குறையும் என்பதை ஊவா மலைநாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கொழுந்தைத் தரும் மண்ணை அளக்கவும் ஒரு கருவி உண்டு. மண்ணின் புளிப்பைக் காட்டும் பீ.எச். மானியே அது. அதன் முள் பிசகினாலோ உடனே அறிவாரிலர். அப்பிழையைக் கண்டறியும் முறையை இங்குச் சுருக்கமாகக் காண்பாம்.

பீ.எச். என்னும் அளவை 1909 ஆம் ஆண்டிற் கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திலே சோரன்சன் என்பார் வகுத்தார். 7 நடுநிலை, அதனிற் குறைந்தது அமிலம், மிக்கது காரம். ஓர் எண் குறையின் அமிலத்தன்மை பத்து மடங்காகும், 0.3 குறைந்தாலே ஏறத்தாழ இருமடங்காகும். 1934 இல் அமெரிக்கராகிய பெக்மன், கலிபோர்னியா எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளத்தற்பொருட்டு மின்மானி ஒன்றை அமைத்தார். ஆகவே இக்கருவி தோட்டப் பயிரோடு பழைய உறவுடையது.

தேயிலைக்கு உகந்த மண் 4.5 முதல் 5.5 வரை நிற்பது. அமோனியம் சல்பேற்றுப் போன்ற உரங்கள் ஆண்டுதோறும் இடப்படுவதால் மண் மேலும் புளிக்கும். ஆதலாற் கவாத்துக் காலத்தில் மண்ணைச் சோதித்து, வேண்டுமளவு டொலமைட் இடுவர். 1925 இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற்குப் பசறையிலும் ஒரு கிளை உண்டு. மானி உள்ளதிற் குறைத்துக் காட்டின் டொலமைட்டும் கூலியும் வீணாவதுடன், மண் 5.5 ஐக் கடந்து செடி நலியும். மிகுத்துக் காட்டினோ, நோயுற்ற மண் நலமுடையதெனக் கைவிடப்படும். அடுத்த கவாத்து வருதற்குச் சில ஆண்டுகள் செல்லுமன்றோ?

மானியின் கண்ணாடிக் குமிழ், கரைசலின் புளிப்புக்கேற்ப மின்னழுத்தம் தரும். 25 பாகை சென்றிகிரேட்டில் ஓர் எண்ணுக்கு 59.16 மில்லிவோல்ற்று. பீ.எச். அறியப்பட்ட இரு தாங்கற் கரைசல்களைக் காட்டி, 'இது 7, இது 4' என்று மானிக்குக் கற்பிப்பதே அளவு திருத்தம். நாம் கற்பிப்பதை அது நம்பும். பொய்யைக் கற்பித்தாற் பொய்யையே திருப்பிச் சொல்லும். ஆதலின் பிழையைத் தேடும் ஒழுங்கு இதுவாகும்.

முதலாவது, கரைசல். தேயிலை மண்ணுக்கு 7 உம் 4 உம் கொள்க. 7 உம் 10 உம் கொண்டால் அளக்கவேண்டிய பக்கம் சோதிக்கப்படாது நிற்கும். கிண்ணத்தில் ஊற்றியதை மீண்டும் புட்டியில் ஊற்றற்க.

இரண்டாவது, வெப்பநிலை. 25 பாகைக்கு வைத்த மானியைத் திருத்தாது, பண்டாரவளைக் குளிரில் 18 பாகையிற் பயன்படுத்தின், 4 ஐ அது 4.07 எனக் காட்டும். கரைசலும் மண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்தல் நன்று.

மூன்றாவது, மின்வாய். பீ.எச். எண்ணை விடுத்து மில்லிவோல்ற்றைப் பார்க்க. 25 பாகையில், 7 காட்டும் கரைசலிற் சுழிக்கு அண்மையும், 4.01 கரைசலில் 177 உம் வருதல் முறை. இவ்விரண்டிடையே 155 மாத்திரமே உளதெனக் கொள்வோம். 155 ஐ 2.99 ஆல் வகுக்க 51.8 வரும், அது 59.16 இல் நூற்றுக்கு 88 பங்கு. நூற்றுக்கு 95 க்கு மேல் நிற்பது நல்ல மின்வாய். 90 இற் குறைந்ததைத் துப்புரவாக்கல் வேண்டும், அதனாலும் தேறாவிடின் மாற்றல் வேண்டும். திருத்தும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது குற்றத்தை மறைக்குமேயன்றி நீக்காது.

நான்காவது, பேணுதல். குமிழைக் காயவிடுதலும், வடிநீரில் ஊறவைத்தலும் தவறு. பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைக்க. களிமண் படிந்ததைக் கழுவி, மென்றாளால் ஒற்றுக; தேய்த்தல் ஆகாது. கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பு சேர்த்துத் தெளிவிக்கும் ஆலைகளில் ஓயாது நிற்கும் மின்வாய்க்கும் இப்படிவே பெரும்பகை.

ஐந்தாவது, மாணவர் பலர்க்கு உளதாகும் மயக்கம். வடிநீர் 7 காட்டவில்லையென மானியைப் பழிப்பர். வடிநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொண்டு 5.6 அளவிற்கு இறங்குவது இயல்பு. அதனைச் சான்றாகக் கொள்ளற்க.

இவையெல்லாம் செய்தபின்னரும் மூன்றாவது சான்று ஒன்று வேண்டும். திருத்தத்திற் பயன்படுத்தாத வேறொரு புட்டிக் கரைசலையோ, முன்னரே நன்கு அளந்து உலர்த்தி வைத்த தோட்ட மண்ணையோ அளந்து பார்க்க. அதுவும் ஒத்தாலன்றி மலையில் ஒரு மூட்டை டொலமைட்டும் அவிழ்க்கற்க. நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் இப்பழக்கத்தைக் கைக்கொள்ளும் மாணவன், நாளை எத்தோட்டத்திற் கடமையேற்பினும் தன் சொல்லுக்குத் தானே பிணையாக நிற்கவல்லவனாவான்.