தூண்டிலும் விராலும்

மேட்டூர் அணை திறந்து முடிகொண்டான் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்க தெருவில் தூண்டிலும் வந்துவிடும். மூங்கில் கழி, நரம்பு, தக்கை, ஈயம், முள், அவ்வளவுதான். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்த ஒரு சின்னக் கூர் இருக்கும். சிக்கிய மீன் நழுவாமல் இருப்பது அதனால்தான். கெண்டைக்கு மண்புழு போதும். தக்கை ஆடும்போது இழுக்கக் கூடாது, முங்கும்போது இழுக்கணும். (கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்காதீங்க, முள் குத்தினால் ரொம்பக் கடுக்கும்!)

விராலுக்கு வேற மாதிரி. தக்கையும் ஈயமும் வேண்டாம். பாசி மேல் தவளை தத்துவது போல இழுக்க வேண்டும். விராலுக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. அதனால் அடிக்கடி மேலே வரும். குமிழி வந்த இடம் பார்த்துப் போடுவாங்க. அமெரிக்காவில் பாஸ் என்ற மீனுக்கு ரப்பர் தவளையை இப்படித்தான் இழுக்கிறார்கள்.

"ரப்பரைத் திங்க நம்ம ஊரு மீனுக்கு என்ன கிறுக்கா?" என்றார் மாமா.

"நீ போட்ட நிஜத் தவளையையே அது திங்கலையே மச்சான்!" என்றார் சித்தப்பா.

மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே மிதக்கும். தாயும் தகப்பனும் கீழே காவல் இருக்கும். பாஸில் ஆண் மீன் காக்கும். அப்போது பக்கத்தில் எது விழுந்தாலும் பாயும், பசிக்காக இல்லை, குஞ்சுக்காக. அதனால் சுலபமாக மாட்டிக்கொள்ளும்.

போன ஐப்பசியில் மாமா குளத்தில் அப்படி ஒன்று பிடித்தார். நான் தினமும் போய்ப் பார்த்தேன். சிவப்புக் கூட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. மூணாம் நாள் ஒன்றையும் காணோம். மாமாவிடம் சொன்னேன். இப்போ செங்குஞ்சைக் கண்டால் நரம்பைக் கழியில் சுற்றிவிடுகிறார்.

"மீன் மாட்டாததுக்கு இது ஒரு சாக்கு" என்கிறார் சித்தப்பா.