கடலில் வீழ்ந்த விமான வீரரின் வரலாற்றை ஆராயும் முறை

நிலத்தில் மடிந்த போர்வீரனுக்குப் பெரும்பாலும் ஆறடி மண்ணேனும் உரியதாகின்றது. வானிற் பறந்து கடலில் வீழ்ந்தவனுக்கோ அதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நம் கடற்பரப்பில் மறைந்த விமான வீரன் ஒருவனின் பெயரைச் சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்திலே தேடுவார் ஏமாற்றமே எய்தக்கூடும். தென்னாசியாவிலும் கிழக்காசியாவிலும் அவற்றைச் சூழ்ந்த கடல்களிலும் உயிர்துறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத பொதுநலவாயப் படையினர் பலரின் பெயர்கள் சிங்கப்பூரிலுள்ள கிராஞ்சி நினைவுச் சின்னத்திலே பொறிக்கப்பட்டுள்ளன. அவை 24,000-க்கு மேற்பட்டன. ஆயினும் பெயரை அறிதல் வேறு. வரலாற்றை அறிதல் வேறு. பெயரிலிருந்து வரலாற்றிற்குச் செல்லும் வழி யாது என்பதை உண்மை நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு ஆராய்வோம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வடசென்னைக் கடற்கரையினர்க்குப் போர் புதியதன்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாளிரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படைகள் வங்கக் கடலுட் புகுந்தபோது, சென்னை மக்களிற் பலர் நகரைவிட்டே நீங்கினர். அப்படைகளுட் பெரியதான நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படையை இலங்கைக்குத் தெற்கே முதலிற் கண்டு அறிவித்தது ஒரு காட்டலினா விமானம்.

காட்டலினா என்பது நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்கும் இரட்டை எஞ்சின் விமானம். விரைவு குறைந்தது, ஆனால் இருபது மணி நேரத்திற்கு மேலும் வானில் நிற்கவல்லது. கனடிய வான்படையின் 413-ஆம் அணியைச் சார்ந்த அவ்விமானம், ஸ்குவாட்ரன் லீடர் லெனார்டு பர்ச்சல் தலைமையில் ஒன்பது பேருடன், ஏப்ரல் 4-ஆம் நாள் இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து சென்றது. மாலையில் பகைவர் கப்பல்களைக் கண்டு கம்பியில்லாத் தந்தியிற் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே ஜப்பானியப் போர்விமானங்களால் வீழ்த்தப்பட்டது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. எனினும் அது முன்னரே எச்சரிக்கை பெற்றிருந்தது.

இனி ஆராயும் முறைக்கு வருவோம். முதற்கண் விமானத்தின் அடையாளத்தைத் துணிதல் வேண்டும். பக்கத்தில் எழுதப்பெறும் அணியெழுத்து ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெற்ற தொடரெண் மற்றொன்று. பர்ச்சலின் விமானத்திற்கு அணியெழுத்து கியூ.எல்.-ஏ, தொடரெண் ஏ.ஜே. 155. ஒரு விமானம் அழிந்தால் அதன் எழுத்து வேறொன்றிற்குச் செல்லும், தொடரெண் செல்லாது. நெடுஞ்செழியன் என்னும் பெயர் பாண்டியர் பலர்க்கு உரியது. 'தலையாலங்கானத்துச் செருவென்ற' என்னும் அடையே ஒருவனைப் பிரித்துக் காட்டுகின்றது. அங்ஙனமே எழுத்தை மட்டும் நம்புவோன் ஒருவர்தம் வரலாற்றை மற்றொருவர்மேல் ஏற்றிவிடுவான்.

இரண்டாவது, அணியின் நாட்குறிப்பு. எந்த விமானம், எவரெவருடன், எப்பொழுது எழுந்தது என்பதை ஒவ்வோர் அணியும் நாள்தோறும் எழுதிவந்தது. பிரித்தானிய வான்படை அணிகளின் குறிப்பேடுகள் இலண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போரில் இறந்த கனடியரின் பணிக்கோப்புகள் அந்நாட்டுக் காப்பகத்தில் யாவரும் காணக் கிடைக்கின்றன.

மூன்றாவது, அக்குறிப்பின் எல்லையை உணர்தல். திரும்பாத விமானத்தைப் பற்றித் தளத்திலிருந்தோர் 'திரும்பவில்லை' என்று மட்டுமே எழுத இயலும். ஏ.ஜே. 155-இல் சென்ற ஒன்பதின்மரும் இறந்தனர் என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. உண்மையில் ஆறு பேரை ஜப்பானியக் கப்பலொன்று சிறைபிடித்திருந்தது. 1945-இல் அவர்கள் விடுதலை பெற்ற பின்னரே ஏனை மூவரின் முடிவு உலகிற்குத் தெரிந்தது. சார்ஜண்டுகளான கொலரோசி, ஹென்செல், டேவிஸ் என்போரே அம்மூவர். 'இலங்கையைக் காத்தவர்' என்று பர்ச்சலைப் புகழ்வோர் பலர். அவருடன் சென்று மீளாத மூவரை நினைப்போர் மிகச் சிலர். புகழ்பெற்றவன் நிழலில் மறைந்தோரை வெளிக்கொணர்வதே ஆராய்ச்சியின் பயன்.

ஏப்ரல் 9-ஆம் நாள் அதே அணியைச் சார்ந்த ரே தாமஸ் என்பாரின் விமானமும் அக்கப்பற்படையைக் கண்டறிவித்து வீழ்ந்தது. அதிலிருந்தோர் ஒருவரும் பிழைத்திலர். சாட்சி கூறுவார் எவருமில்லாத இடத்தில், அனுப்பப்பட்ட செய்தியையும் பகைவர் தரப்புக் குறிப்பையும் ஒப்பிட்டே வரலாறு எழுதுதல் வேண்டும். அவற்றில் இல்லாததைக் கற்பனையால் நிரப்புதல் இறந்தோர்க்குச் செய்யும் மரியாதையாகாது.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. அவ்வாண்டிலேயே திருவொற்றியூருக்கு மேற்கிலுள்ள செங்குன்றம் ஏரியில் பிரித்தானிய வான்படை கடல் விமானத் தளம் அமைத்தது. 240-ஆம் அணியின் காட்டலினா விமானங்கள் அங்கிருந்து எழுந்து வங்கக் கடலையும் இந்துமாக் கடலையும் காவல் புரிந்தன. சென்னை மக்கள் குடிநீர் பெறும் அந்நீர்ப்பரப்பே அவ்வீரர்களுக்கு ஓடுபாதையாயிற்று. அங்கிருந்து சென்றோர் வரலாற்றையும் மேற்கூறிய முறையாலேயே ஆராய்தல் கூடும்.

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேடுவதை முதற்செயலாக வைத்து, நடுகல் வழக்கின் துறைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்துகின்றது. கல்லில் அவன் பெயரையும் பெருமையையும் எழுதுதல் நம் முன்னோர் மரபு. பிழைபட்ட பெயரை எழுதின் அக்கல் மற்றொருவனுக்கு உரியதாகிவிடும். கடலில் மறைந்தோர்க்கு நடுதற்கு இடமில்லை. ஆகலின் அவர் பெயர், நாள், விமானத்தின் எண் ஆகியவற்றை வழுவின்றி எழுதிவைத்தலே நாம் அவர்க்கு நடும் கல்லாகும்.