கடற்கரையின் நீளமும் அளவுகோலும்

நம் நாட்டின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், 7,516 கிலோமீட்டர் என்று தயங்காமல் விடை வரும். தமிழ்நாட்டுக் கரை 906.9 கிலோமீட்டர் என்பதும் பலருக்கு மனப்பாடம். ஆயின், மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24-ஆம் ஆண்டறிக்கை இக்கணக்கை மாற்றிவிட்டது. அதன்படி நாட்டின் கரை 11,098.81 கிலோமீட்டர், தமிழ்நாட்டின் கரை 1,068.69 கிலோமீட்டர்.

கடல் பின்வாங்கி நமக்குப் புதிய கரையைத் தந்துவிட்டதா? இல்லை. நாடு வளரவில்லை, அளவுகோல்தான் மாறிற்று. இதனைத் தெளிவாக உணர்ந்துகொள்வது கரையோர ஊராட்சி உறுப்பினர்களுக்கு இன்றியமையாதது. கரை அரிப்பைப் பற்றி அதிகாரிகளிடம் பேசச் செல்லும்போது, "உங்கள் மாநிலத்தின் கரை நூற்றறுபது கிலோமீட்டர் கூடியிருக்கிறதே" என்று எவரேனும் கூறினால், நாம் வாயடைத்து நிற்கலாகாது அன்றோ!

பழைய கணக்கு 1970-களில் எடுக்கப்பட்டது. அன்று பயன்பட்ட வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 45 கிலோமீட்டர். கூரிய பென்சிலால் இழுத்த அரை மில்லிமீட்டர்க் கோடே அப்படத்தில் இரண்டேகால் கிலோமீட்டர் அகலத்தை மறைத்துவிடும். உப்பங்கழியும் ஓடைமுகமும் சிறு தீவும் அதில் எங்கே தெரியும்? புதிய கணக்கிற்கு எடுத்துக்கொண்ட கடல் வரைபடங்களில் ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டரைக் கிலோமீட்டரே. அன்று கோட்டுக்குள் மறைந்திருந்த வளைவுகள் எல்லாம் இன்று கணக்கில் ஏறிவிட்டன.

இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். 3 கிலோமீட்டர் கரையுள்ள ஒரு கிராமத்தை எண்ணிக்கொள்வோம். அதன் நடுவே 50 மீட்டர் அகலமுள்ள ஓர் உப்பங்கழி 400 மீட்டர் தூரம் உள்ளே சென்று முடிகிறது. நூறு மீட்டர் கயிற்றால் கரையை அளப்பவர்கள் கழியின் வாயைத் தாண்டிக் கயிற்றை நீட்டிவிடுவார்கள். அவர்கள் கணக்கில் அந்த இடம் 50 மீட்டர். பத்து மீட்டர்க் கயிறு வாயைத் தாண்டாது. அதைப் பிடித்தவர்கள் ஒரு கரை வழியே 400 மீட்டர் உள்ளே சென்று, கோடியில் 50 மீட்டர் சுற்றி, மறுகரையில் 400 மீட்டர் திரும்ப வேண்டும். ஆக 850 மீட்டர். 3,000 மீட்டர்க் கரை 3,800 மீட்டராகிவிட்டது! ஒரு மீட்டர்க் கோலை எடுத்துக்கொண்டால், அக்கழியில் விழும் சிறு ஓடைகளும் சேரும். நீளம் இன்னும் ஏறும்.

பரப்பளவில் இத்தொல்லை இல்லை. அந்தக் கழியின் பரப்பு இரண்டு ஹெக்டேர். கிராமம் 500 ஹெக்டேர் என்றால், கழியைச் சேர்த்தாலும் விட்டாலும் நூற்றுக்கு அரைப் பங்குகூட வேறுபடாது. நீளமோ நாலில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிட்டது. நிலவரியைப் பரப்பைக் கொண்டு விதித்த நம் முன்னோர் இவ்வகையில் தப்பித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மாநிலங்களின் புதிய கணக்கைப் பார்த்தாலும் இவ்வுண்மை புலப்படும். கேரளக் கரை பெரும்பாலும் நேரானது, அது 569.7 கிலோமீட்டரிலிருந்து 600.15 ஆகச் சிறிதே கூடியது. மேற்கு வங்கமோ சுந்தரவனத்துக் கழிகளால் துண்டு துண்டாகக் கிழிந்த கரையை உடையது, அங்கே 157.5 என்றிருந்தது 721.02 ஆயிற்று. கரை எவ்வளவுக்கெவ்வளவு வளைந்து நெளிகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அளவுகோலின் சிறுமை நீளத்தைப் பெருக்கிக் காட்டும்.

இவ்விந்தையை முதலில் ஆராய்ந்து எழுதியவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில விஞ்ஞானி. நாடுகளுக்கிடையே போர் மூள்வதற்கும் எல்லையின் நீளத்திற்கும் தொடர்புண்டா என்று அவர் தேடினார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பொதுவான ஒரே எல்லை ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர், மற்றொன்றில் 1,214 கிலோமீட்டர் என்றிருக்கக் கண்டார். சிறிய நாடு தன் எல்லையை நுணுக்கமாக அளப்பது இயல்புதான். கால் காணி உடையவர் வரப்பை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பதை நாம் அறியோமா? ரிச்சர்ட்சன் 1953-இல் மறைந்தார். அவர் ஆய்வு 1961-இல் அச்சாயிற்று. பிரிட்டனின் கரை எவ்வளவு நீளம் என்ற வினாவையே தலைப்பாக வைத்து, மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் 1967-இல் இதனை மேலும் விளக்கினார்.

அப்படியாயின் நீளத்தை அளப்பதே வீண் வேலையா? அன்று. எந்தக் காரியத்திற்கு அளக்கிறோமோ அக்காரியமே அளவுகோலைத் தீர்மானிக்கும். ஏரியைச் சுற்றி மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பனைவிதை ஊன்றப் போகிறோம் என்றால், மூன்று மீட்டர்க் கோலால் அளந்த நீளமே தக்க நீளம். ரோந்துப் படகு செல்லும் தூரத்திற்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. எந்தக் கோலால், எந்தப் படத்தைக் கொண்டு, எந்த ஆண்டில் அளந்தது என்பவற்றை நீளத்தோடு எழுதி வைக்க வேண்டும். வெவ்வேறு கோலால் அளந்த இரு நீளங்களைக் கழித்துப் பார்த்து, கரை வளர்ந்தது, தேய்ந்தது என்று முடிவு கட்டுதல் தவறு.

ஒரே கோலால் அளந்தாலுங்கூட, நிலம் போயிற்றா, வந்ததா என்பதை நீளம் காட்டாது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தங்கி மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் பக்கம் மணலின்றிக் கடல் அரித்தது. நீட்டிக் கிடக்கும் கயிற்றைச் சற்று நகர்த்திப் போடுவது போலக் கரை முன்னும் பின்னும் நகர்கிறது; கயிற்றின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. வீடிழந்தவர்களுக்குக் கரையின் நீளம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன!

ஆகையால் அரிப்பைக் காட்ட விரும்பும் ஊராட்சி, கரையின் நீளத்தை விட்டுவிட்டுத் தூரத்தை அளப்பது நன்று. கோயில், கிணறு, பள்ளிக்கூடம் போன்ற அசையாத அடையாளங்களைக் கரை நெடுகத் தேர்ந்துகொள்ளலாம். இல்லாத இடங்களில் கல் நடலாம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே திசையில், கடல்நீர் ஏறி நின்ற விளிம்பு வரை அளக்க வேண்டும். ஏற்றத்தின்போது ஒதுங்கிய பாசியும் சருகும் அவ்விளிம்பைக் காட்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீரேற்றம் மிகுதியாதலால், ஆண்டுதோறும் ஒரே மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி அளப்பது முறை. வடகிழக்குப் பருவத்தின் அலைகள் மணலை வாரிச் செல்கின்றன. பின்னர் கடல் அமைதியுறும் மாதங்களில் மணல் ஓரளவு திரும்புகிறது. மார்கழி அளவைச் சித்திரை அளவோடு ஒப்பிட்டால், இல்லாத அரிப்பும் தோன்றும், உள்ள அரிப்பும் மறையும்.

இங்ஙனம் நாம் குறிக்கும் விளிம்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் வரும் உயர் ஓதக் கோடு ஆகாது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, கட்டடத் தடைக்குரிய தூரங்கள் அக்கோட்டிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அதனை வரையறுப்பது அரசு அதிகாரமளித்த நிறுவனங்களின் வேலை. நம் குறிப்பேடு அதற்கு மாற்றாகாவிடினும், சில ஆண்டு அளவுகளைத் தேதியோடும் அளந்தவர் கையொப்பத்தோடும் கிராம சபையில் வைத்துப் பதிவு செய்தால், தூண்டில் வளைவோ கல்தடுப்போ கேட்கும் விண்ணப்பத்துடன் அதன் நகலை இணைத்து அனுப்பலாம்.