விண்ணப்பத்தில் வினைச்சொல்

உத்தியோகம் தேடும் பருவம் நமக்கு வந்துவிட்டது. திருப்பூணித்துறையில் தங்கிப் படிக்கும் நம் நண்பர்களுள் பலர் அம்பலமுகள் ஆலைகளுக்கும் பிற இடங்களுக்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றனர். ஒருவர் எழுதிய தன்விவரக் குறிப்பை மற்றொருவர் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆதலின் அனைவரும் 'கடின உழைப்பாளி'களாகவே இருக்கிறோம்!

பழைய விண்ணப்பம் ஒன்றைப் பார்ப்போம். சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை வேண்டி 9-2-1912 அன்று எழுதப்பட்டது அது. எழுதியவர் சீனிவாச இராமானுஜன். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் கூறுகிறார். எதிர்பாராத சில இடையூறுகளால் மேலே படிக்க இயலவில்லை என்கிறார். தம் காலமெல்லாம் கணிதத்தில் செல்வதாகவும், வேலையைச் செவ்வனே செய்ய முடியும் என்ற நம்பிக்கை உண்டு என்றும் சொல்லி முடிக்கிறார்.

பணிவான கடிதந்தான். ஆனால் அதில் இல்லாதது எது என்று பாருங்கள். முந்தைய ஆண்டிலேயே, 1911இல், பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எஃப்.ஏ. தேர்வில் தோற்றதை மென்மையாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, வென்றதை உரக்கச் சொல்ல மனம் வரவில்லை போலும்.

உடன் வைத்த பரிந்துரை வேறு வகை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதியது அது. இளைஞரின் அரிய கணித ஆற்றலைக் குறிப்பிட்டதோடு, கணக்கிடுவதில் அவர் மிக விரைவானவர் என்றும் எழுதினார். கணக்கு அலுவலகத்துக்கு வேண்டியது எது? பெர்னூலி எண்கள் அல்ல; பிழையில்லாத விரைந்த கூட்டல். படிப்பவர் தேவையை அறிந்து எழுதிய வரி அது. (வேலை கிடைத்தது சொற்களால் மட்டும் அன்று. அவர் திறமையை அறிந்த பெரியோர் சிலர் துணை நின்றனர். இதை மறைப்பது நேர்மையாகாது.)

மறு ஆண்டு, 16-1-1913 அன்று, அதே மனிதர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். தாம் ஆண்டுக்கு 20 பவுன் பெறும் குமாஸ்தா என்றும், பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்றும் மறைக்காமல் தொடங்கினார். ஆனால் அடுத்து வரும் வினைச்சொற்கள் நிமிர்ந்து நிற்கின்றன: வழக்கமான பாதையில் செல்லாமல் தமக்கென ஒரு புதுவழியை வகுத்துக்கொண்டிருப்பதாக எழுதுகிறார். உடனே சான்றாக ஏறத்தாழ 120 தேற்றங்களை அடுக்குகிறார். 'திறமைசாலி' என்று தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை, செய்ததைக் காட்டினார். வயதைச் சுமார் 23 என்று எழுதியது மட்டும் பிழை; அப்போது அவருக்கு 25. என் வயது 23 ஆதலால் இது என் கண்ணில் பட்டது!

இனி என் கதை. 'நீர் மாசு பற்றிய ஆய்வில் ஈடுபட்டேன்' என்று எழுதி ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. 'ஈடுபட்டேன்' என்றால் என்ன செய்தேன்? புட்டியைக் கழுவினேனா, தலைமை தாங்கினேனா? பிறகு திருத்தினேன்: 'சித்திரப்புழை ஆற்றில் 6 இடங்களில் 3 மாதம் நீர் எடுத்து, விங்க்ளர் முறையில் கரைந்த ஆக்ஸிஜனை அளந்தேன்.' இதில் அடைமொழி ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லைப் பற்றியும் நேர்முகத்தில் என்னைக் கேட்கலாம். விடை சொல்ல இயலும். 'நிபுணன்' என்று எழுதியிருந்தால் இரண்டாம் கேள்வியிலேயே வியர்த்திருக்கும். 'பங்கேற்றேன்', 'உதவினேன்', 'பொறுப்பு வகித்தேன்' என்பனவும் இத்தகைய மூடுபனிச் சொற்களே. அளந்தேன், அமைத்தேன், பழுது நீக்கினேன், கற்பித்தேன் என்று எழுத முடியுமா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. நம்மவர் பலர் 'அறிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். மலையாளத்தில் கடைக்காரரோடு வாதாடுகிறோம், பேருந்துப் பலகை படிக்கிறோம். எழுத வராது என்பதால் அதை அடியோடு விட்டுவிடுகிறோம். பேச, படிக்க என்று எழுதினால் போதும். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரோடும் உள்ளூர் மேற்பார்வையாளரோடும் ஒரே நாளில் பேசக்கூடியவர் எந்த ஆலைக்கும் வேண்டியவரே. அந்த ஒரு வரியை நேற்றிரவுதான் என் குறிப்பில் சேர்த்தேன்.