திரையை அசைத்தால் அச்சு உதறுகிறதா?

கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் படித்துவிட்டு ஸ்டுட்கார்ட் பக்கம் இயந்திரக் கட்டுப்பாட்டு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். இயந்திரக் கருவிகளின் கட்டுப்பாட்டுக்கென்றே 1965-ல் பல்கலைக்கழகத்தில் தனியாக ஐ.எஸ்.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கிய ஊர் இது. இங்கே என்றாவது ஒருநாள் உங்கள் மேசைக்கு இந்தப் புகார் வரும்: “திரையில் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றினால் அச்சு உதறுகிறது.” மோட்டார்களுக்குக் கட்டளை தருவதும் திரையை வரைவதும் ஒரே லினக்ஸ் கணினியாக இருக்கும். அந்த நாளுக்காகச் சில வார்த்தைகள்.

1. முதலில் மைக்ரோ நொடியை மில்லிமீட்டராக மாற்றுங்கள். தகடு வெட்டும் லேசர் தலை நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், அது மில்லி நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். கட்டளை மூன்று மில்லி நொடி பிந்தினால் தலை மூன்று மில்லிமீட்டர் தூரம் புதுக் கட்டளை இல்லாமலே போயிருக்கும். திரைக்கோ அவசரமே இல்லை. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி இருக்கிறது. யார் காத்திருக்கலாம், யார் கூடாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

2. சராசரியைப் பார்க்காதீர்கள். தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் நிரலை ஓட்டினால் சில எண்கள் வரும். உங்களுக்கு வேண்டியது உச்ச எண் மட்டும். ஹைடெல்பெர்கில் உள்ள ஓசாடல் அமைப்பு தன் சோதனைக் கணினிகளில் 200 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை, 10 கோடி முறை அளக்கிறது. அதற்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு “நன்றாக இருக்கிறது” என்று அறிக்கை எழுதுபவரின் கையெழுத்தை நான் நம்பமாட்டேன்.

3. அளக்கும்போது திரை சும்மா இருக்கக் கூடாது. முப்பரிமாணப் பல்சக்கரங்களைச் சுழற்றிக் காட்டும் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் நிரலை நாலைந்து ஜன்னல்களில் ஓடவிடுங்கள். ஜன்னல்களை அங்குமிங்கும் இழுத்து நகர்த்துங்கள். திரை அணைந்து மீண்டும் எழும் நேரத்தையும் சோதனைக்குள் கொண்டுவாருங்கள். மானிட்டர் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். ஆலையில் இரவு ஷிப்டில் இதெல்லாம் நடக்கும்.

4. திரைதான் குற்றவாளி என்று நிரூபித்த பிறகே அதன்மேல் கை வையுங்கள். இதற்கு மூன்று படிகள். முதலில் வரைகலைச் சூழலையே நிறுத்திவிட்டு, வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே போய் அளங்கள். அடுத்து, வரைகலை டிரைவரை ஏற்றாமல் சாதாரண ஃபிரேம்பஃபரில் திரையை எழுப்பி அளங்கள். கடைசியில் முழு டிரைவரோடு அளங்கள். தாமதம் மூன்றாவது படியில் மட்டும் வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். முதல் படியிலேயே வந்தால் திரையை விட்டுவிட்டுத் தாய்ப்பலகையைப் பாருங்கள். எஸ்எம்ஐ என்ற குறுக்கீட்டில் பயாஸ் கணினியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் கெர்னலுக்கே தெரியாது. அதைப் பிடிக்க ஹெச்டபிள்யூலாட் என்ற கருவி இருக்கிறது. டர்போஸ்டாட் கருவியிலும் எஸ்எம்ஐ எண்ணிக்கைக்கு ஒரு பத்தி உண்டு.

5. இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். படம் ஓடும்போது தாமதம் குறையும், திரை சும்மா இருக்கும்போது கூடும். வேலை இல்லாத கோர் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய்விடுகிறது. எழுந்து வர நேரம் எடுக்கிறது. படம் ஓடினால் அது தூங்குவதில்லை. அதைவிட மோசமான பொறி சைக்ளிக்டெஸ்டுக்குள்ளேயே இருக்கிறது. ஓடும் நேரம் முழுக்க, கோர்களை ஆழமாகத் தூங்கவிடாதே என்று அது கெர்னலிடம் கேட்டுக்கொள்கிறது. உங்கள் கட்டுப்பாட்டு நிரல் அப்படிக் கேட்பதில்லை. அளவீட்டில் எல்லாம் அழகாக இருக்கும், இயந்திரத்தில் இருக்காது. தூக்க நிலைகளை பயாஸிலோ கெர்னல் தொடக்க வரியிலோ கட்டுப்படுத்திவிட்டு, உங்கள் நிரலையே ஓட்டி அளங்கள்.

6. கேஷைக் காலி செய்யும் கட்டளையை நினைவில் வையுங்கள். இன்டெல்லின் ஐ915 டிரைவரில் ஒரு காலத்தில் டபிள்யூபிஇன்விடி என்ற கட்டளையை எல்லா கோர்களிலும் ஓட்டும் இடம் இருந்தது. கேஷில் இருப்பதையெல்லாம் மெமரிக்கு எழுதிவிட்டு வெறுமையாக்கும் கட்டளை அது. பாதியில் எந்தக் குறுக்கீடும் அதை நிறுத்த முடியாது. கேஷ் பெரிதாக இருந்தால் மில்லி நொடிக் கணக்கில் போகும். கல்யாணப் பந்தியில் ஒருவர் கை கழுவ வரிசை முழுவதையும் எழுப்பிவிடுவது போல, படத்துக்காக ஒரு கோர் கேட்டதற்கு மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த கோரும் நின்றுவிடும். இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடிப்பதுதான், லினக்ஸ் கெர்னலின் தாமதத்துக்கு வரம்பு கட்டும் ரியல்-டைம் பேட்ச் செய்தவர்களின் வேலை.

ஸ்டுட்கார்ட் இருக்கும் இதே மாநிலத்தில், போடன்ஸே ஏரிக்கரையில் உள்ள லினுட்ரோனிக்ஸ் நிறுவனத்தில் இருந்துகொண்டு தாமஸ் கிளைக்ஸ்னர் முன்னின்று நடத்திய வேலை அது. அந்த பேட்ச் கிட்டத்தட்ட இருபது ஆண்டு வெளியிலேயே இருந்து, 2024 செப்டம்பரில் 6.12 கெர்னலுக்காக மூல லினக்ஸில் சேர்ந்தது. அப்போதும் ஐ915-க்கான சில திருத்தங்கள் வெளியே நின்றன. “புதுக் கெர்னல் போட்டாயிற்றே, இனி என்ன?” என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

7. என்விடியாவின் மூடிய டிரைவர் ரியல்-டைம் கெர்னலைக் கண்டால் தன்னை நிறுவ மறுக்கும். ஒரு மாறியை அமைத்து அதை ஏமாற்றி நிறுவலாம். சோதனை மேசையில் செய்து பாருங்கள். ஆள் பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தில் செய்யாதீர்கள்.

8. கோரைத் தனிமைப்படுத்தினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர். கட்டுப்பாட்டு நிரலுக்கு ஒரு கோரை ஒதுக்குங்கள், வரைகலைக் குறுக்கீட்டை வேறு கோருக்கு மாற்றுங்கள். இரண்டும் செய்ய வேண்டியவைதான். ரியல்-டைம் கெர்னலில் குறுக்கீட்டு இழைகளின் முன்னுரிமை வழக்கமாக 50. உங்கள் நிரல் அதற்கு மேல் நிற்கட்டும். ஆனால் கடைசி நிலை கேஷும் மெமரி வழியும் எல்லா கோருக்கும் பொது. உள்ளமைந்த வரைகலைச் சில்லு அதே மெமரியில்தான் படம் வரைகிறது. அதே மின்சார வரம்பைத்தான் பங்கிடுகிறது. கோரைச் சுற்றி நீங்கள் கட்டும் சுவர் அங்கே செல்லாது.

9. தாமதம் எங்கே பிறக்கிறது என்று ஊகிக்காமல் தடம் எடுங்கள். டேனியல் பிரிஸ்டாட் தி ஒலிவெய்ரா எழுதிய டைமர்லாட், 2021-ல் 5.14 கெர்னலோடு வந்தது. குறுக்கீடு வந்து சேரப் பிந்தியதா, இழை எழுந்து ஓடப் பிந்தியதா என்று அது பிரித்துக் காட்டும். முதலாவது என்றால் வன்பொருளையோ, குறுக்கீட்டைத் தடுத்து வைத்த டிரைவரையோ பாருங்கள். இரண்டாவது என்றால் முன்னுரிமையைப் பாருங்கள். 2024-ல் இளம் வயதிலேயே டேனியல் மறைந்துவிட்டார். நாம் தினமும் கையில் எடுக்கும் கருவி அவருடையது. அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருங்கள்.

10. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

11. படமே காலத்துக்குக் கட்டுப்பட்ட இடங்களும் இந்த ஊரில் உண்டு. வுனிபால்ட் காம் 1930-ல் தொடங்கிய எஃப்.கே.எஃப்.எஸ். நிறுவனத்தினர் வைஹிங்கன் வளாகத்தில் 2012 முதல் இயக்கும் கார் சிமுலேட்டரில் முழு வண்டியே தளத்தின்மேல் அசைகிறது. உடல் சாய்ந்த பிறகு படம் பிந்தி வந்தால் ஓட்டுபவருக்குக் குமட்டும். அங்கே மைக்ரோ நொடியைத் துரத்துவது வீண். ஸ்டீயரிங் திரும்பியதிலிருந்து கண்ணுக்குப் படம் வரும்வரை எத்தனை ஃபிரேம்கள் வரிசையில் காத்திருக்கின்றன என்று எண்ணுங்கள், 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் 16.7 மில்லி நொடி. மென்பொருள் சொல்லும் எண் போதாது. வேகக் கேமராவால் ஸ்டீயரிங்கையும் திரையையும் ஒன்றாகப் படமெடுத்து எண்ணுங்கள்.

12. எல்லாம் செய்தும் உச்ச எண் இறங்கவில்லை என்றால் திரையை வேறு கணினிக்கு மாற்றுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீமென்ஸ் சினுமெரிக் 840டி-யிலேயே இயக்கக் கணக்குக்கு ஒரு பெட்டி, திரைக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைத்தார்கள். கூடுதல் பெட்டியின் விலையைக் கணக்கு பார்க்கும் மேலாளரிடம், வீணான தகடுகளின் விலையையும் சேர்த்துக் காட்டுங்கள். பிரித்த பிறகு, வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே திரைக் கணினியை அணைத்து மீண்டும் எழுப்புங்கள். வெட்டு நிற்காமல் தொடர வேண்டும். வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் நாளில் இதை அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள்.