வெள்ளைக் கழிச்சலை உறுதி செய்வது எவ்வாறு?

கோழிகள் பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து முறுகி மடியுமாயின், 'வெள்ளைக் கழிச்சல்' என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கேட்டில் 1927-ஆம் ஆண்டு காணப்பட்டமையால், இதற்கு இராணிக்கேட் நோய் என்றும் பெயர்.

ஆயினும் கழிச்சல் மட்டும் சான்றாகாது. கோழிக் காலராவிலும் பச்சைக் கழிச்சல் உண்டு. பறவைக் காய்ச்சலும் கூட்டமாகக் கொல்லும். காலராவுக்கு மருந்துண்டு, இராணிக்கேட்டுக்குத் தடுப்பூசியே காப்பு. நோயறியாது மருந்து வாங்குவது வீண் செலவாகும்.

ஆய்வுக்கூடத்தார், நோயுற்ற கோழியின் தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை, 9 முதல் 11 நாள் அடைகாத்த கருமுட்டையில் செலுத்துவர். அங்குப் பெருகும் வைரஸ், கோழியின் இரத்தச் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும். இராணிக்கேட்டுக்குரிய எதிர்ப்புச் சீரம் அத்திரட்சியைத் தடுக்குமாயின் நோய் உறுதியாகும். இதற்குச் சில நாட்கள் ஆகும், பி.சி.ஆர். சோதனையோ சில மணி நேரத்தில் விடை தரும்.

இரத்தம் அனுப்புவோர் தடுப்பூசி போட்ட தேதியையும் குறித்தனுப்புக. தடுப்பூசியாலும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றும். அதனை நோயென்று மயங்க இடமுண்டு.

பறவைக் காய்ச்சல் மனிதரையும் பற்றக்கூடும். ஆதலின் இறந்த கோழியை வீட்டில் அறுத்தலும், விற்றலும், குளத்தில் எறிதலும் கூடா. உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மாதிரியை அவரே எடுத்துப் பனிக்கட்டியிலிட்டு அனுப்புவார். உடல் அழுகிய பின் சோதனை பயன் தராது. நோய் இன்னதென்று விரைவில் தெரிந்தால், அண்டை வீட்டார் தம் கோழிகளைக் காத்துக்கொள்ள வழி பிறக்கும்.