மான் மாறாது, மந்தை மாறும்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். முதலாம் ஆண்டிலேயே தவறிவிடுவேனோ?
- மாணவி, உப்புவெளி

பதில்: மாட்டீர்கள். இயற்கைத் தேர்வைத் தமிழில் விளங்கிக்கொண்டவருக்கு ஆங்கிலச் சொற்கள் பின்னால் வந்து சேரும். விளங்காமல் குறிப்பைப் பாடமாக்குகிறவருக்கு எந்த மொழியும் கைகொடுக்காது. அன்றைய பாடத்தை அன்றிரவே யாருக்காவது தமிழில் சொல்லிப் பாருங்கள். தடக்குகிற இடத்தை மறுபடி படியுங்கள்.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தானென்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?
- வாசகர், நிலாவெளி

பதில்: உங்கள் சித்தப்பாவின் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நீங்களும் இருக்கிறீர்கள். அப்பப்பாதான் பொது. அடுத்த கடிதம்.

கேள்வி: திருகோணமலை நகரத்து மான்கள் சனத்தின் கையிலேயே வாங்கித் தின்கின்றன. அவை நகர வாழ்வுக்குக் கூர்ப்படைந்துவிட்டன என்று எழுதினேன். புள்ளி கிடைக்கவில்லை.
- முதலாம் ஆண்டு மாணவர்

பதில்: நானும் தந்திருக்கமாட்டேன். ஒரு மான் தன் ஆயுளில் பழகிக்கொள்வது வெறும் பழக்கம். கூர்ப்பு நடப்பது குடித்தொகையில், தலைமுறை தலைமுறையாக. மான்களுக்கிடையே துணிவில் வேறுபாடு உண்டா? அதில் ஒரு பங்காவது மரபுவழியாகக் குட்டிக்கு இறங்குகிறதா? துணிந்த மான் கூடுதல் குட்டிகளை விட்டுச்செல்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் அந்தச் சொல்லை எடுங்கள். துணிந்து வருகிற மான்தான் பொலித்தீனையும் தின்று சாகிறதென்றால், தேர்வு எதிர்ப்பக்கமாகவும் இழுக்கும்.

இதே நோய்தான் கண்டல் பாடத்திலும். 'மூச்சுவிடத் தேவைப்பட்டதால் கண்ணா மரம் வேரை மேலே அனுப்பியது' என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். சேற்றில் ஒட்சிசன் குறைவென்று மரத்துக்கு யார் சொன்னது? விகாரம் தேவையைக் கேட்டு வருவதில்லை. வேர் சற்று மேலெழுந்தவை கூடுதலாகப் பிழைத்தன, கூடுதல் கன்றுகளை விட்டன, அந்த இயல்பு பரவியது. 'தேவைப்பட்டதால்' என்று எழுதக் கை போனால் பேனையை மூடிவையுங்கள்.

கேள்வி: டார்வினின் கலாபகோஸ் தீவுகளைப் பார்க்க எங்களுக்கு எங்கே வசதி?
- மாணவர் குழு

பதில்: நிலாவெளியில் படகேறுங்கள். 1859 இல் வந்த நூலின் முதல் அதிகாரத்தில் டார்வின் விரித்துப் பேசுவது வளர்ப்புப் புறாக்களைப் பற்றி. லண்டனின் புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து, வீட்டிலும் வளர்த்துப் பார்த்தவர் அவர். அத்தனை வகையும் காட்டு மாடப்புறாவிலிருந்து வந்தவை என்பது அவர் முடிவு. அந்த மாடப்புறா கூடு கட்டுகிற இடம்தான் நம் புறாமலை. 2003 இல் அது தேசியப் பூங்காவானது. போகிறவர்கள் முருகைக்கல்லையும் சுறாவையும் பார்க்கக் குனிகிறார்கள். நீங்கள் அண்ணாந்தும் பாருங்கள். ஊர்ப்புறாக்கள் அவற்றோடு கலக்கின்றனவா என்பது நல்லதோர் ஆய்வுக் கேள்வி. முருகைக்கல்மேல் மட்டும் காலை வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கடற்கரையில் நண்டு வளைகளை எண்ணும் செய்முறைக்கு, வளை நிறைய உள்ள இடத்தில் சதுரச் சட்டத்தை வைக்கலாமா?

பதில்: கூடாது. எழுமாறாக வையுங்கள். வளை ஒன்றுமில்லாத சட்டத்துக்கும் பூச்சியம் என்று எழுதுங்கள்.